தும்பை எது? வன்னிப் பூண்டொன்றின் பெயரும் ஒரு கல்விக் குறையும்

தமிழிலக்கியம் பயிலும் பல்கலைக்கழக மாணவர் ஒருவரிடம் தும்பைத் திணை யாது என வினவினால் தயக்கமின்றி விடை வரும். தொல்காப்பியர் அதனை நெய்தலுக்குப் புறனாக வகுத்தமை, இரு பெருவேந்தரும் களங்குறித்து எதிர்நின்று பொருதல் அதன் பொருளாதல், வீரர் தும்பைப் பூச் சூடிக் களம் புகுதல், புறப்பொருள் வெண்பாமாலை அதன் துறைகளை விரித்துரைக்கும் முறை என்பன வரிசையாகச் சொல்லப்படும். பின்னர் அதே மாணவரை வன்னியில் ஏதேனும் ஒரு குளத்தின் அலைகரைக்கு அழைத்துச் சென்று, தும்பை எனப் பெயர் தாங்கிய செடிகள் இரண்டை அருகருகே வைத்து, வீரர் சூடியது இவற்றுள் எது என வினவினால் விடை வருவது அரிது. திணை தெரியும், பூத் தெரியாது.

இது இலக்கியக் கல்வியின் சிறு குறை என்று சிரித்துவிட்டுச் செல்லத்தக்கதாயின், அதற்கு ஒரு கட்டுரை வேண்டியதில்லை. ஆனால் அவ்விரு செடிகளுள் ஒன்று சமைத்துண்ணும் கீரை. மற்றையது, ஈரலைச் சிதைக்கும் நச்சுப்பொருள்களுக்குப் பெயர்போன ஒரு சாதியைச் சேர்ந்தது. பெயரொன்றே இரண்டையும் இணைக்கிறது. மூலிகைப் பெருமை பேசும் கட்டுரைகள் ஆண்டுதோறும் மலர்களிலும் மஞ்சரிகளிலும் வெளிவருகின்றன. அவற்றுட் பல, செடி இன்னதெனக் காட்டாமல் அதன் குணங்களை மட்டும் அடுக்கிச் செல்கின்றன. அடையாளம் இல்லாத புகழ்ச்சி அறிவன்று, அது ஆபத்து. இதுவே ஈண்டு நிறுவப்படுவது.

முதலில் செடியைக் காண்போம் என்பதே முறை. கவிழ்தும்பை, கழுதைத்தும்பை எனத் தமிழ் மருத்துவ வழக்கில் அறியப்படும் பூண்டு, போராஜினேசியே குடும்பத்தில் ட்ரைக்கோடெஸ்மா என்னும் சாதியைச் சேர்ந்தது. இலங்கையின் உலர் வலயத்தில் தரிசு நிலங்களிலும் தெருவோரங்களிலும் அறுவடை முடிந்த மேட்டுநிலங்களிலும் தானே முளைத்து வளர்வது. முழங்கால் உயரத்துக்கு எழும் இச்செடியின் தண்டும் இலையும் சொரசொரப்பான தடித்த மயிர்களால் மூடப்பட்டிருக்கும். காம்பற்ற இலைகளின் அடிப்பகுதி தண்டைத் தழுவி நிற்கும். வெளிர்நீலமாக மலர்ந்து பின் வெளுத்தும் சிவந்தும் மாறும் ஐந்திதழ்ப் பூ நிலத்தை நோக்கிக் கவிழ்ந்து தொங்கும். கவிழ்தும்பை என்ற தமிழ்ப்பெயரும் அதோபுஷ்பி என்ற வடமொழிப் பெயரும் இந்த ஒரு குணத்தையே கண்டு இடப்பட்டவை. பூவின் நடுவே ஐந்து மகரந்தப் பைகளும் முதுகுப்புற மயிர்களாற் பின்னிப் பிணைந்து, நுனி முறுக்குண்டு, ஒரு கூம்பாக வெளியே நீட்டி நிற்கும். கிரேக்க மொழியில் மயிர், கட்டு என்னும் இரு சொற்களையும் இணைத்துச் சாதிக்குப் பெயரிட்டவர் பார்த்தது இந்தக் கூம்பையே.

வெறுமனே தும்பை எனப்படும் செடியோ வேறு. அது லியூக்கஸ் என்னும் சாதியினது. துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தண்டு நாற்பட்டையானது. பால்வெள்ளைப் பூக்கள் கணுக்களைச் சுற்றிக் கொத்தாக அமையும். ஒவ்வொரு பூவும் மேலுதடும் கீழுதடுமாகப் பிளந்திருக்கும். உலர் வலயத்து மக்கள் கறியாகவும் கஞ்சியிலும் சேர்த்துக்கொள்வது இதன் இளங்கொழுந்தையே. இனி மூன்றாவதாக ஒரு தும்பையும் உண்டு. வீட்டு முற்றத்தில் வளரும் காசித்தும்பை இவ்விரு குடும்பங்களுக்கும் புறம்பான பிறிதொரு குடும்பத்துச் செடி. ஆக, ஒரே சொல் மூன்று குடும்பங்களின்மேல் நிற்கிறது.

இவ்வாறு பெயரிட்ட மூதாதையர் அறியாமையினால் மயங்கினர் என எண்ணுவது தவறு. கவிழ்தும்பையின் கனியைப் பிளந்து பார்த்தால், உள்ளே நான்கு சிறுகொட்டைகள் இருக்கும். தும்பையின் புல்லிவட்டத்துக்குள்ளும் அதே நான்கு சிறுகொட்டைகளே இருக்கும். தாவரவியலார் உருப்பெருக்கி கொண்டு கண்ட இந்த ஒற்றுமை துளசிக் குடும்பத்துக்கும் போராஜினேசியே குடும்பத்துக்கும் பொதுவானது. மேலும், பெயரிட்டவர்கள் இரண்டையும் ஒன்றெனச் சொல்லவில்லை. கவிழ் என்றும் கழுதை என்றும் அடைகொடுத்து வேறுபடுத்தியே வைத்தனர். அடைமொழியே எச்சரிக்கை. கழுதைக்குரியது மனிதருக்குரியதன்று என்ற குறிப்பு அதில் இருக்கக்கூடும். அந்த அடைமொழியை உதிர்த்துவிட்டுத் தும்பை என்ற பெயரைமட்டும் பிடித்துக்கொண்டு, எல்லாத் தும்பைக்கும் எல்லாக் குணங்களையும் ஏற்றிச் சொல்லும் பிழை அவர்களுடையதன்று. அவர்களை மேற்கோள் காட்டுவோருடையது.

இச்செடியை உலகறியச் செய்தவர் யார் என்பதும் நோக்கற்பாலது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் மருத்துவராகப் பணியாற்றிய போல் ஹெர்மன் சேகரித்த தாவரங்களை அடிப்படையாகக் கொண்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1768இல் நிக்கலாஸ் பர்மன் இச்சாதியைச் சேர்ந்த ஓர் இனத்துக்கு இலங்கையின் பெயரையே சூட்டினார். 1810இல் ரொபர்ட் பிரவுன் அவுஸ்திரேலியத் தாவரங்களை ஆராய்ந்த நூலில் ட்ரைக்கோடெஸ்மா என்ற சாதியை நிறுவி, இலங்கைப் பெயர் தாங்கிய அந்த இனத்தையும் அதனுட் சேர்த்தார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரைமன் எழுதிய இலங்கைத் தாவரக் கைநூலின் மூன்றாம் பகுதி 1895இல் வெளிவந்தது. சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் கேட்டறிந்து பதிவுசெய்தமை அந்நூலின் சிறப்பு. அதே 1895ஆம் ஆண்டில்தான் சிவில் அதிகாரி ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கான தமது கைநூலை வெளியிட்டார்.

இப்பெயர்ப் பட்டியலைக் கண்டதும் சிலர் வெகுண்டெழுவர். இவையாவும் குடியேற்றவாதிகளின் அறிவு. ஆளவந்தோர் நிலத்தை அளந்ததுபோலச் செடியையும் அளந்தனர் என்பர். அது உண்மையே. ஒல்லாந்தர் கறுவாவைத் தேடியதும் ஆங்கிலேயர் வரி வருவாயைக் கணக்கிட்டதும் எவரும் மறுக்கக்கூடியன அல்ல. ஆனால் அந்தக் குற்றச்சாட்டோடு நின்றுவிடுவது சோம்பலுக்குச் சூட்டிய முடி. அவர்கள் செய்த ஒரு காரியம் மட்டும் உறுதியானது: சொல்லையும் பொருளையும் ஒன்றாகக் கட்டிவைத்தனர். உலர்த்திய செடியொன்றைத் தாளில் ஒட்டி, எங்கே எப்போது எடுக்கப்பட்டது என எழுதி, பெயரை அதனருகே வைத்தனர். நூற்றாண்டுகள் கழிந்தும் அந்தத் தாளைப் பார்த்துப் பெயர் சரியா பிழையா எனச் சோதிக்கலாம். தமிழில் மூலிகைப் பெருமை எழுதுவோர் எத்தாளைக் காட்டுவர்? குடியேற்றவாதத்தின் அறிவைக் கண்டிக்கும் உரிமை, அதைவிடச் செம்மையான அறிவை ஆக்குவோருக்கே உண்டு.

வன்னி என்ற பெயர் மரத்திலிருந்து வந்ததா, வன்னியர் என்ற குடிப்பெயரிலிருந்து வந்ததா, வனம் என்ற சொல்லிலிருந்து வந்ததா எனப் பக்கம் பக்கமாக விவாதம் நிகழ்ந்துள்ளது. புளியங்குளம், மாங்குளம், வேப்பங்குளம், இலுப்பைக்குளம் என மரங்களின் பெயரால் ஊர்கள் வழங்குவதையும் ஆய்வாளர் எடுத்துரைப்பர். மரம் ஊர்ப்பெயருக்குள் புகுந்து காக்கப்பட்டுவிட்டது. முழங்கால் உயரப் பூண்டுக்கு அந்த வாய்ப்பில்லை. அது வாழ்வது மனிதரின் நாவிலும் கையிலும் மட்டுமே. நாவும் கையும் அழிந்தால் அதன் பெயரும் அழியும்.

இனி நஞ்சுக்கு வருவோம். ட்ரைக்கோடெஸ்மாவும், தேட்கொடுக்கு எனத் தமிழர் அறிந்த ஹீலியோட்ரோப்பியமும் பைரோலிசிடீன் அல்கலோயிட்டுகள் எனப்படும் பொருள்களைக் கொண்ட சாதிகள். இலங்கையின் பெயர் தாங்கிய ட்ரைக்கோடெஸ்மா இனத்தின் விதையிலிருந்து சுப்பினீன் என்ற அல்கலோயிட்டு 1961இல் பிரித்தெடுக்கப்பட்டது. தேட்கொடுக்கிலுள்ளது இந்திசீன். இவை செடிக்குள் இருக்கும் நிலையில் பெருந்தீங்கு செய்வனவல்ல. உடலுக்குட் சென்றதும், நஞ்சை முறிக்கவேண்டிய ஈரலே தன் நொதியங்களால் இவற்றை நஞ்சாக மாற்றுகிறது. அவ்வாறு பிறந்த பொருள் ஈரலின் நுண்குருதிக் கலன்களின் சுவரைத் தாக்கி அவற்றை அடைக்கிறது. குருதி தேங்குகிறது, ஈரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. காவலாளியே கள்வனாகும் நிலை இது.

இது வெறும் ஆய்வுகூடக் கதை என்று ஒதுக்குவோர் ஆப்கானிஸ்தானை நோக்குக. இரண்டாண்டு வரட்சிக்குப் பின், 1974க்கும் 1976க்கும் இடையில், ஹெராத் மாகாணத்தின் குல்ரான் பகுதியில் வயிறு வீங்கி மக்கள் நலிந்தனர், பலர் மாண்டனர். கோதுமை வயலில் வளர்ந்த ஹீலியோட்ரோப்பியத்தின் விதைகள் தானியத்தோடு கலந்து ரொட்டியாகியிருந்தன. பரிசோதிக்கப்பட்ட 7200 பேருள் 22.6 விழுக்காட்டினரிடம் ஈரல் நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1992, 1993ஆம் ஆண்டுகளில், ஃபர்கார் பகுதியில் அறுவடை தாமதமாகிக் களை முற்றிய வயல்களிலிருந்து வந்த தானியத்தை உண்டு ஏறத்தாழ 4000 பேர் நோயுற்றனர். அதற்கு முன், 1940களில், உஸ்பெக்கிஸ்தானின் சமர்க்கந்துப் பகுதியில் கேடு விளைத்த செடி ட்ரைக்கோடெஸ்மாவே. அங்கு நரம்பு மண்டலமும் பாதிக்கப்பட்டது. வரட்சி, போர், இடப்பெயர்வு, தப்பிய பயிரோடு கலந்த களை: இச்சொற்களுள் வன்னி அறியாதது எது?

இவ்விடத்து முதல் மறுப்பு எழும். முன்னோர் தலைமுறை தலைமுறையாக இவற்றைப் பயன்படுத்தினர். எவரும் சாகவில்லை என்பது அது. இம்மறுப்பு மரபைப் போற்றுவதுபோலத் தோன்றினும் மரபின் இயல்பை அறியாதது. அனுபவத்தாற் பெறும் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. உண்டவன் அன்றே வீழ்ந்தால் ஊர் அறியும். அச்செடி நஞ்சு எனப் பெயர் பெறும். அலரியும் ஊமத்தையும் அவ்வாறே நஞ்செனப் பெயர் பெற்றன. ஆனால் இன்று குடித்த குடிநீர் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஈரலைக் கெடுத்தால், நோயையும் செடியையும் இணைத்துப் பார்ப்பவர் யார்? வயிறு வீங்கியவருக்கு வேறு காரணம் சொல்லப்படும். சிலவேளை அதே குடிநீர் மருந்தாகவும் கொடுக்கப்படும். மெல்லக் கொல்லும் நஞ்சை அனுபவம் மட்டும் கண்டறிய இயலாது. இது தமிழ் மருத்துவத்தின் இழுக்கன்று; எந்நாட்டு மரபுக்கும் பொதுவான எல்லை.

எந்நாட்டுக்கும் என்பதற்குச் சான்று இதே குடும்பத்தில் உண்டு. தேட்கொடுக்கின் பூங்கொத்து தேளின் வால்போல் வளைந்திருத்தலால் தேட்கடிக்கு மருந்தென்றனர். ஐரோப்பியர் எக்கியம் என்ற செடியின் விதையில் விரியன் பாம்பின் தலையைக் கண்டு பாம்புக்கடிக்கு மருந்தென்றனர். அச்சாதியின் பெயரே விரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புள்ளி விழுந்த இலையில் நுரையீரலைக் கண்டு மற்றொரு செடியை நுரையீரல் நோய்க்குக் கொடுத்தனர். வடிவொப்புமை கவிதைக்கு உவமையாகலாம்; மருந்துக்குச் சான்றாகாது.

இன்னொன்றும் இங்கே கூறப்படல் வேண்டும். தேட்கொடுக்குப் போன்ற செடிகளின் இலையை அரைத்துக் கடிவாயிலும் புண்ணிலும் பூசுவது பழைய வழக்கு. பூசுவதற்கும் குடிப்பதற்கும் உள்ள வேறுபாடு நஞ்சியலில் பெரிது. பரியாரியிடம் இருந்தது செடியின் பெயர் மட்டுமன்று. எந்தப் பாகம், எந்தப் பருவம், எவ்வளவு, எத்தனை நாள், எதனோடு, எவருக்கு என்ற கட்டுப்பாடுகளின் தொகுதி. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் விலக்கியவையும் அதில் அடங்கும். அச்சிலேறும் கட்டுரைகளோ இக்கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டு, மூட்டுவீக்கத்துக்கு நல்லது, வயிற்றோட்டத்துக்கு நல்லது எனப் பயன்களை மட்டும் தருகின்றன. மரபின் பாதியைக் கொல்வோரே மரபுக் காவலர் எனத் தம்மை அழைத்துக்கொள்கின்றனர்.

இரண்டாம் மறுப்பு அரசியற் சாயல் கொண்டது. கீழைத்தேய மூலிகைகளை இழிவுபடுத்த மேலைத்தேய மருந்து வணிகர் கட்டிவிட்ட கதை இது என்பர். மருந்து வணிகரின் பேராசை மறுக்கத்தக்கதன்று. ஆயின் செய்திகள் வேறு திசையைக் காட்டுகின்றன. போராஜினேசியே குடும்பத்தின் கொம்ஃப்ரி ஐரோப்பியரின் சொந்த மூலிகை. அதனை உட்கொள்ளும் வடிவில் விற்பதை நிறுத்துமாறு 2001இல் அறிவுறுத்தியது அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகமே. தேட்கொடுக்கிலிருந்து பெற்ற ஒரு பொருளை அமெரிக்கர் புற்றுநோய் மருந்தாக்க விரும்பி நோயாளரிடம் பரிசோதித்தனர். ஈரலைத் தாக்கியமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பெரும் இலாபம் தரக்கூடிய மருந்தைக்கூட நஞ்செனக் கண்டு விலக்கிய செய்தி, கட்டுக்கதை என்ற வாதத்துக்கு இடந்தருவதன்று.

இந்த நாட்டிலேயே சான்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்சகுலரத்ன, குணதிலக, பனபொக்க ஆகியோர் இலங்கை மக்கள் உட்கொள்ளும் 50 மூலிகைகளைச் சோதித்து, அவற்றுள் மூன்றில் இதே வகை அல்கலோயிட்டுகள் இருத்தலை 1981இல் வெளியிட்டனர். மூன்றனுள் ஒன்று ஆவாரை. அம்மூலிகைகள் கலந்த உணவை உண்ட எலிகளின் ஈரல் சிதைந்திருந்தது. உள்நாட்டறிஞர் உள்நாட்டுச் செடிகளை உள்நாட்டு மக்களின் நலங்கருதி ஆராய்ந்த முடிவு இது. ஆவாரைப் பெருமை பேசும் தமிழ்க் கட்டுரையாளருள் எத்தனை பேர் இதனை ஒரு வரியிலேனும் குறிப்பிட்டனர்?

பெயர்மயக்கம் எவ்வளவு பெரிய கேடு செய்யும் என்பதற்கு பிரசல்ஸ் நகர நிகழ்ச்சி போதும். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிவதற்கான மருந்துக் கலவையில், ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகை சேர்க்கப்படவேண்டிய இடத்தில் அரிஸ்டொலோக்கியா சேர்ந்துவிட்டது. சீன மொழியில் இரண்டின் பெயர்களும் ஒன்றையொன்று ஒத்திருந்தமை காரணம். நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகக் கேடுற்றனர். பலருக்குப் பின்னர் புற்றுநோயும் கண்டது. தமிழ் மருத்துவம் அறிந்த ஈசுரமூலியும் இதே அரிஸ்டொலோக்கியாச் சாதியினதே. அடைமொழி ஒன்றை விட்டதன் விலை அது. தும்பைக்கும் கவிழ்தும்பைக்கும் இடையே உள்ளதும் ஓர் அடைமொழியே.

மூன்றாம் தரப்பினர் இதற்கு நேர்மாறானவர். பெயரும் வேண்டா, பெருமையும் வேண்டா; பயிரல்லாதது களை, களையை அழிப்பதே வேளாண்மை என்பது அவர்தம் கொள்கை. 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்ததும், 2018இல் சில பயிர்களுக்கு விலக்களித்ததும், 2022இல் தடையை நீக்கியதுமாக அரசு மும்முறை மனம் மாறியபோதும், அழிக்கப்படும் செடி எது என்ற கேள்வி விவாதத்தின் நடுவே வரவில்லை. அவுஸ்திரேலியாவில் எக்கியத்தின் ஓர் இனத்தை மந்தை வளர்ப்போர் சிலர் பற்றர்சனின் சாபம் என்றனர். வரட்சியில் அதையே மேய்ச்சலாகக் கொண்டோர் மீட்புத் தரும் செடி என்று பாராட்டினர். தேனீ வளர்ப்போரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். அதனை அழிக்கப் பூச்சிகளை விடுவதா என்ற வழக்கு நீதிமன்றம் ஏறி, 1984இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஒரு செடிக்கு இரு பெயர், இரு நலன், இரு நியாயம். ஒரு நாடு அதனைப் பெயரறிந்து வாதிட்டுத் தீர்த்தது. பெயரறியாது அழிப்பவர் தாம் எதை இழந்தோம் என்றுகூட அறியார்.

வாடிய தேட்கொடுக்குச் செடியைச் சூழ்ந்து ஆண் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பதை உலர் வலயத்தில் காணலாம். அவை தேடுவது அதே நச்சுப்பொருளை. அதனை உடலிற் சேமித்துப் பறவைகளிடமிருந்து தம்மைக் காக்கின்றன. பெண்பூச்சியைக் கவரும் மணத்தையும் அதிலிருந்தே ஆக்குகின்றன. பூச்சிக்கு மருந்து, மாட்டுக்கு நோய், மனிதருக்கு ஈரற்கேடு. நல்ல செடி, தீய செடி என்ற பிரிவு குழந்தைகளுக்குரியது. எது, எவருக்கு, எவ்வளவு என்பதே வளர்ந்தோரின் கேள்வி.

இக்கேள்வி ஏன் வன்னிக்குக் குறிப்பாக உரியது? அங்கே அறிவின் சங்கிலி அறுந்தது. 1990களில் வன்னி பொருளாதாரத் தடைக்குட்பட்டு மருந்துத் தட்டுப்பாட்டால் வாடியபோது நாட்டு மருந்து பலருக்குப் புகலிடமாயிற்று. 2009இல் போர் முடிவுற்றபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் தம் நிலத்தைவிட்டு முகாம்களில் இருந்தனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். இடையில் எத்தனையோ முதியவர் மாண்டனர். திரும்பிச் சென்றவர் கண்டது வீடும் வேலியும் அழிந்து பற்றை மூடிய நிலம். கண்ணிவெடி அச்சத்தால் பற்றைக்குள் காலெடுத்து வைக்கவும் இயலாத நிலம். செடியைக் காட்டிக்கொடுக்கும் பாட்டியும், அவரோடு நடந்து திரியும் பேரப்பிள்ளையும் ஒருங்கே நடக்கக்கூடிய ஒற்றையடிப்பாதை இல்லாமற் போயிற்று. கண்டு தொட்டு மோந்து பெறும் அறிவு நடையினாலன்றி வேறெதனாலும் கைமாறாது.

அந்த வெற்றிடத்தில் இன்று வந்து நிற்பது என்ன? குணங்களின் பட்டியல். அடையாளங் காட்டும் கை போய்விட்டது. புகழும் வாய் எஞ்சியிருக்கிறது. ஏழை விவசாயக் குடும்பமொன்று தும்பை நல்லது என்று எங்கோ படித்ததை நம்பி வேலியோரத்துச் செடியைப் பறித்துக் கஞ்சியிற் சேர்க்கும்போது, பிழையான செடி கலந்தால், அதற்குப் பொறுப்பாளி யார்? பறித்த தாயா, எழுதிய அறிஞரா? தண்டு நாற்பட்டையா எனத் தடவிப் பார். சொரசொரப்பான மயிரிருந்தால் விடு. பூ இரண்டு உதடாகப் பிளந்துள்ளதா என நோக்கு. கவிழ்ந்து தொங்கும் நீலப்பூவாயின் தொடாதே என நான்கு வரி எழுதுவதற்கு அக்கட்டுரையில் இடமிருந்தது. அந்த இடம் தமிழரின் தொன்மையைப் பாராட்டச் செலவாயிற்று.

பல்கலைக்கழகங்கள் இல்லாமையால் இக்குறை நேர்ந்தது எனவும் கூறமுடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. பம்பைமடுவில் வவுனியா வளாகமாக வளர்ந்த நிறுவனம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. சித்த மருத்துவக் கல்வியும், தாவரவியல் துறையும், தமிழ்த் துறையும் வடபுலத்தில் உண்டு. சித்த மருத்துவ மாணவர் குணபாடம் படிக்கின்றனர்; தாவரவியல் மாணவர் இலத்தீன் பெயரைப் படிக்கின்றனர்; தமிழ் மாணவர் திணையைப் படிக்கின்றனர். மூவரும் ஒரே செடியின் முன் ஒருநாளேனும் ஒன்றாக நிற்பதற்குப் பாடத்திட்டம் வழிசெய்தல் வேண்டும். மூவரிடமும் மூன்றிலொரு பங்கு உண்மை இருக்கிறது. மூன்றிலொரு பங்கு மருந்து நஞ்சாகலாம்.

மொழி போதாது என்ற சாட்டும் செல்லாது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவர் முயற்சியில் உடற்கூற்றியலும் சத்திர வைத்தியமும் தமிழில் நூல்களாயின. கெமிஸ்தம் என்ற இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. அன்று இரசாயனத்துக்குக் கிடைத்த தமிழ் இன்று ஈரலின் நஞ்சைச் சொல்லக் கிடைக்கவில்லை என்றால், குறை மொழியிலன்று.

செய்யத்தக்கது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் காலபோக மழைக்குப் பின் மாணவர் குழுக்கள் முதியவர்களோடு நடத்தல் வேண்டும். ஒவ்வொரு பூண்டையும் உலர்த்தித் தாளிலிட்டு, ஊர், நாள், நிலவகை, சொல்லியவர் வழங்கும் பெயர், அடைமொழி உட்படக் குறித்தல் வேண்டும். பயன் எழுதும் இடத்தில் விலக்கும் எழுதப்படல் வேண்டும்; உண்பதா பூசுவதா என்பது பிரித்துக் கூறப்படல் வேண்டும்; அறியப்பட்ட நச்சுப்பொருள் இருப்பின் அதுவும் சேர்தல் வேண்டும். தமிழ் மாணவர் அப்பெயர்களின் சொல்லாக்கத்தை ஆராயட்டும். அது தொல்காப்பிய உரைக்கும் ஒளி தரும். இவற்றைத் தொகுத்த நூல் எளிய தமிழில் ஒவ்வொரு கிராமப் பாடசாலைக்கும் சென்று சேரட்டும். அதுவரை, எந்தச் செடியென அடையாளங் காட்டாத எந்த மூலிகைக் கட்டுரையையும் எந்தத் தமிழ்ச் சங்க மலரும் வெளியிடுதல் ஆகாது. இது கடுமையான விதியன்று. கடையில் அரிசி விற்பவரும் மூட்டையைத் திறந்து காட்டிய பின்னரே விலை சொல்கிறார்.

மரபைக் காப்பது என்பது மரபு சொன்னதைத் திரும்பச் சொல்வதன்று. சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்று சென்று பார்ப்பது. கவிழ்ந்து தொங்கும் பூவின் முகத்தைக் காண வேண்டுமானால் நிலத்தில் முழங்காலிட வேண்டும். பெயரிட்டவர் முழங்காலிட்டிருக்கிறார். பெருமை பேசுவோர் இன்னும் மேடையில் நிற்கின்றனர்.